அண்ணியின் கையைத் தொட்டதெல்லாம்

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். பேக்கரியில் விற்பனை மேசைக்குப் பின்னால் காலையிலிருந்து நிற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால், வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏறி மிதித்துவிட்டுப் போவான். என் அண்ணிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் மாவு பிசைகிறவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி நான் இப்படி உருகுவதைக் கேட்டு, "நாத்தனார் பேசற பேச்சா இது?" என்று சிரிப்பவர்கள் உண்டு. நாத்தனார் என்றால் குற்றம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? குற்றம் இருந்தால் நான் சொல்லாமல் விட்டிருப்பேனா?

எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, பேக்கரி முதலாளியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். அங்கே விற்பனையில் எனக்கு அப்போதே வேலை. ஒரு தடவை பிசைய விட்டுப் பார்க்கிறேன் என்று முதலாளி சொன்னார். பார்த்தார். அடுத்த மாதமே கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டு முழு உயரத்துக்குக் கண்ணாடி போட்டார். அந்தக் கண்ணாடியை ஒட்டி மாவு மேசை. வரிசையில் நிற்கிறவர்கள் நின்ற இடத்திலிருந்தே அண்ணியின் கையைப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய கைதான் அது. மாவை இழுப்பாள், மடிப்பாள், திருப்பிப் போட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓர் அழுத்து. மறுபடி இழுப்பு. கொஞ்ச நேரத்தில் மேசையில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்த மாவு, தூங்கப்போகிற குழந்தை மாதிரி சொன்னபடி கேட்கும். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் விரித்து, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் பன்னுக்கு உருட்டுவாள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில். வரிசையில் நிற்கிற ஆட்கள் தங்கள் முறை வந்ததைக் கூட மறந்து நிற்பார்கள். "சார், வாங்கறீங்களா, இல்ல உள்ள போய் உக்காந்து பாக்கறீங்களா?" என்று நான்தான் உலுக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கையில்தான் ஒரு நாள் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. ஆள்காட்டி விரலின் முட்டியில், மிளகு அளவுக்கு. எங்களுக்கு அது உடனே தெரியவில்லை. மாவு புழங்குகிற இடத்தில் கையில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் யார் கவனிப்பார்கள்? வேலை முடிந்து குழாயடியில் நின்று அண்ணி அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாவு காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது, வெந்நீர் வை என்றாள். வெந்நீரிலும் போகவில்லை. நான் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மாவு தோலுக்கு மேலே இருக்கும். இது தோலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார் அடுப்பு பார்க்கிறவர். அடுப்புச் சூடுதான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சூடு என்றால் அடுப்பிலேயே நிற்கிற மனிதருக்கு அல்லவா முதலில் வர வேண்டும், அவர் என்னவோ தார் டின் மாதிரி பளபளவென்று இருக்கிறார். நகச்சாயம், சோப்பு, ஈஸ்ட், ரத்தம் சுத்தமில்லை, கவலை. கவலை என்று சொன்னது என் அம்மா வழிச் சித்தி. அவளுக்குக் கால் ஆணி வந்தாலும் கவலைதான் காரணம். என் அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். அவன் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. கையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல" என்றான். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அண்ணி என்னவோ அன்றைக்கு ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

நாங்கள் எல்லோரும் உறுதியாகச் சந்தேகப்பட்டது ஒரு பொருளைத்தான். தட்டுக் கழுவுகிற திரவம். அடுப்பில் வெந்து கருகிப்போன தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், முதலாளி புதிதாக ஒரு திரவம் வாங்கிப் போட்டிருந்தார். நெடி அடித்தாலே கண்ணில் தண்ணீர் வரும். கையில் பட்டால் எரியும் என்பதால் கூடவே முன்னங்கையில் பாதி வரை ஏறுகிற தடித்த ரப்பர் கையுறைகளும் வாங்கியிருந்தார். மாலையில் தட்டுக் கழுவுவதும் அண்ணியின் வேலைதான். கையுறைக்குள் திரவம் கசிந்திருக்கும் என்று முடிவு கட்டினோம். அன்றிலிருந்து அண்ணி கையுறையை இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தத் திரவத்தையே முதலாளி நிறுத்திவிட்டார், கையுறை மட்டும் தொடர்ந்தது. புள்ளி நிற்கவில்லை. விரல் விரலாகத் தாவியது.

எங்கள் கடைக்கு ஒரு அம்மா வருவார். வெயிலோ மழையோ இரண்டும் இல்லையோ, குடை இல்லாமல் வர மாட்டார். குடை அம்மா என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். ஒரு காலை, வரிசையில் நின்றவர் குடை நுனியால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, "அந்தக் கையாலயா இதைப் பண்றாங்க?" என்று கேட்டார். மெதுவாகக் கேட்டிருக்கலாம். கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. எல்லோர் பார்வையும் கண்ணாடிக்குப் போனது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறப்பதற்குள் முதலாளி குறுக்கே வந்து அசடு வழிய ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவரோடு சண்டை போடலாம், பயந்தவரோடு என்ன செய்வது? அன்று மதியம் புதிதாக ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து மாவு மேசையில் வைத்தார். மெல்லிசான பிளாஸ்டிக் உறையெல்லாம் மாவை இழுத்த இழுப்பில் கிழிந்து மாவுக்குள்ளேயே போய்விடும், அதனால் தட்டுக் கழுவ வாங்கியதைப் போலவே தடித்தது. "கொஞ்ச நாளைக்கும்மா. சரியாகற வரைக்கும்" என்றார். அண்ணி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சரியாகாவிட்டால் கண்ணாடி மேசையை விட்டு உள்ளே பாக்கெட் கட்டுகிற இடத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது.

மாவு பிசையத் தெரிந்தவளிடமிருந்து மாவைப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரப்பருக்குள்ளிருந்து அவளுக்கு ஈரம் தெரியவில்லை, பதம் தெரியவில்லை. ஒட்டுகிறதோ என்று பயந்து மாவைத் தூவுவாள், தூவியது அதிகமாகிவிடும். பன் வறண்டது. மாலைக்குள் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. ஈஸ்ட் சரியில்லை என்று முதலாளி ஈஸ்ட் கடையை மாற்றினார். அண்ணி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு, சும்மா ஒரு பிடி மாவை நனைத்து வெறும் கையால் பிசைந்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். பொழுதுக்கும் பிசைந்த கை, வீட்டுக்கு வந்தும் பிசைகிறதே என்று முதலில் நான் திட்டினேன். அப்புறம் புரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளை பரவிக்கொண்டே போனது. விரல்கள் முழுக்க, புறங்கை, மணிக்கட்டு, அதற்கு மேலும் கொஞ்சம். அது பரவப் பரவ, அவள் கையுறை போடும் நேரமும் கூடியது. கடைக்கு வரும் வழியில், பேருந்தில், சந்தையில்கூடப் போட ஆரம்பித்தாள். கடையில் கண்ணாடிக்கு உள்பக்கம் முதலாளி ஒரு திரை மாட்டினார். மாவு பிசைகிறவள் திரைக்குப் பின்னால், நான் திரைக்கு முன்னால். "திரைக்குப் பின்னால என்ன நடக்குதோ" என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தோல் டாக்டரிடம் போனோம். பொறுமையான பெண். ரத்தம் எடுத்தார். தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தார். தோலைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு விளக்கை அடித்துப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, அடிபட்டதா, தீக்காயமா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரசாயனம் ஏதாவது கையில் படுமா என்றதற்கு அண்ணி, "முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் கையில படவே படாது டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். எல்லா முடிவும் நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் எங்களுக்குத் தலைவலி. ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் இது என்ன? அடுத்த தடவை வரும்போது கையைத் தொடுகிற பொருள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஒரு பெரிய பையில் மாவு, உப்பு, ஈஸ்ட், வெண்ணெய், நல்லெண்ணெய், தட்டுத் திரவத்தின் பழைய டப்பா, துணி சோப்பு, மேல் சோப்பு, முகப்பவுடர், நகச்சாயம், உருட்டுக்கட்டை. அண்ணன் முகம் மழிக்கிற சோப்பைக்கூட எடுத்து வைத்தாள். "அது உன் கையில எப்ப பட்டுச்சு?" என்று கேட்டேன். "அவர் முகத்தைத் தொட மாட்டேனா?" என்றாள். நான் பையின் வாயைக் கட்டினேன்.

டாக்டர் மேசையில் கடை பரப்பினோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்த்து ஓரமாக வைத்தார். உருட்டுக்கட்டையைப் பார்த்து மட்டும் கொஞ்சம் சிரித்தார். எல்லாம் முடிந்ததும் கையைக் காட்டுங்கள் என்றார். வெளியே காத்திருந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அண்ணி உள்ளே வந்த பிறகும் கையுறையைக் கழற்றியிருக்கவில்லை. இப்போதுதான் விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள். டாக்டர் கையைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தார்.

"கையைத் தொடுற எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னேன். இதை ஏன் மேசையில வைக்கல?"

எனக்குக் கோபம் வந்தது. படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று, "அது கையில எதுவும் படாம இருக்கறதுக்குப் போடறது டாக்டர்" என்றேன்.

டாக்டர் கையுறையை அண்ணி பக்கம் தள்ளினார். மறுபடி போடுங்கள் என்றார். போட்டாள். ஒரு பேனாவை எடுத்து, கையுறையின் விளிம்பு முடிகிற இடத்தில் முன்னங்கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கழற்றச் சொன்னார். கோட்டுக்குக் கீழே அண்ணியின் கை வெள்ளை வெள்ளையாக இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி கிடையாது. இரண்டு கையிலும் அப்படித்தான், அளவெடுத்துத் தைத்தது போல. எத்தனை மாதம் அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், அந்த விளிம்பு என் கண்ணில் படவே இல்லை. புள்ளியைத்தான் பார்த்தேன், அது எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

சில ரப்பரில், அது கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து கலப்பார்களாம். சிலருடைய தோலில் நிறம் உண்டாக்குகிற அணுக்களை அது கொன்றுவிடுமாம். வியர்வையோடு உள்ளே ஊறிக்கிடந்தால் இன்னும் மோசம். டாக்டர் அடித்துச் சொல்லவும் இல்லை. "நூத்துக்கு நூறு இதுதான்னு இன்னைக்கே சொல்ல மாட்டேன். காரணமே இல்லாம உடம்பே தன்னோட நிறத்தை அழிச்சுக்கறதும் உண்டு, அதுவும் பாக்க இப்படித்தான் இருக்கும். இதை முதல்ல நிறுத்துங்க. புதுசா பரவலன்னா தெரிஞ்சுடும். போன நிறம் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். ஆனா யாருக்கும் ஒட்டாது." தடவுவதற்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

மறைக்கப் போட்டதுதான் மறைக்க வேண்டியதை வளர்த்திருக்கிறது. எனக்கு முதலாளி, குடை அம்மா, கையுறை செய்த ஆள், எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் ஆத்திரமாக வந்தது. பேருந்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணி வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்கு அடியில் வைத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்த ஒருவர் உற்றுப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன். "முறைக்காதடி. பாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் உண்மையாகவே பதறிப்போனார். நாற்காலியைப் போட்டு அண்ணியை உட்கார வைத்தார், தானே தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாம் செய்துவிட்டு, ரப்பர் இல்லாத வேறு ரகக் கையுறை தேடுகிறேன், அதுவரை பாக்கெட் கட்டுகிற இடத்தில் இருங்கள் என்றார். அப்போது அண்ணி பேசினாள். அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே அன்றுதான்.

"எந்த ரகமும் வேணாம் முதலாளி. கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இத்தனை மாசம் மாவு பிசைஞ்சிருக்கேன். பன் கெட்டதுக்கு ஈஸ்ட் காரணமில்ல, நான்தான். எனக்குத் தெரிஞ்சே கெட்டதைப் பண்ணிக் குடுத்தேன், அதுதான் எனக்குத் தூக்கம் வரல. கை இப்படித்தான் இருக்கும். இந்தக் கையாலதான் பிசைவேன், திரை இல்லாம. முடியாதுன்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் ஒரு வாரம் பார்ப்போம் என்றார். ஆள் ரொம்பக் குறைந்தால் மேசையை விட்டுவிட வேண்டும். அண்ணி சரி என்று தலையாட்டினாள். திரையை அவர் கழற்றவில்லை, ஓரமாக ஒதுக்கி ஒரு கயிற்றால் கட்டி வைத்தார். இழுத்தால் மூடிக்கொள்ளும்.

முதல் நாள் காலை அண்ணி கண்ணாடிக்கு முன்னாலேயே நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். மாவில் கையை வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குடை அம்மாவும் நின்றிருந்தார். அவர் முறை வந்ததும், "இது ஒட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கென்று நான் மாதக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "ஒட்டாதுங்கம்மா. ரப்பர் கையுறையால வந்தது. சந்தேகமா இருந்தா தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. குடை அம்மா அந்தக் கையையே பார்த்தார். தொடவில்லை. மூடிய பாக்கெட்டில் இருந்த பிஸ்கட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணி கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள், மறுபடி கழுவினாள், மறுபடி மாவு.

அந்த வாரத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். தினமும் வருகிற சில முகங்கள் வரவில்லை. சிலர் கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே வாங்கிப் போனார்கள். இரண்டு பெண்கள் வாசல் வரை வந்து, ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லி, எதிர்ப்புறம் போனார்கள். திரும்பிப் போகிற ஒவ்வொரு ஆளையும் நான் விரல் விட்டு எண்ணினேன். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், அவர்கள் போவதும் அவளுக்குத் தெரிந்தது. கை மட்டும் நிற்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே மேசையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த மனசு எனக்குக் கிடையாது. அதனால்தான் அவள் அண்ணி, நான் நான்.

கடைசி நாள், வரிசை இருக்கும்போதே முதலாளி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குள் போனார். அதைத் திரைக்குக் கீழே போட்டார். அண்ணி பார்த்துவிட்டாள். நான் விற்பனையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"முதலாளி, நீங்க வாயால சொல்ல வேணாம். இந்த மாவை மட்டும் முடிச்சுட்டுப் போயிடறேன். பாதியில விட்டா வீணாப் போயிடும்" என்றாள் அண்ணி.  பிசைவதை நிறுத்தவில்லை.

முதலாளி ஸ்டூல் மேல் ஏறி நின்றார். கயிற்றை அவிழ்க்கவில்லை. திரைக்கம்பியையே கொக்கியிலிருந்து தூக்கி, திரையோடு சேர்த்து இறக்கினார். தூசி எங்கள் தலையில் எல்லாம் கொட்டியது.

"ஆள் குறைஞ்சுதான் இருக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மேலிருந்தபடியே. "போனவங்க போகட்டும். இருக்கறவங்க இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்கறாங்க. சாயந்தரம் மிச்சம் ஒண்ணும் இல்ல. பன் பழையபடி ஆயிடுச்சு. இது உங்க மேசை."

அண்ணியின் கை அப்போதுதான் நின்றது. விரலெல்லாம் மாவுக்குள் புதைந்திருக்க, குனிந்தபடியே நின்றாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது. அத்தனை மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அழுது நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துக்கிட்டே நிக்கறியே," என்றாள் என்னிடம். "கண்ணைத் துடைச்சு விடுடி. என் கை மாவுல இருக்கு."